கல்லாப்பெட்டிக்கு முன்னால் கால் நீட்டலாமா?

போன வாரம் பாகூர் கடைத்தெருவில் திட்டு வாங்கினேன். பேரம் பேசியதற்காக அல்ல. வாங்கிய சாமானுக்குப் பணம் கொடுக்க முயன்றதற்காக!

போகிக்கு முந்தின நாள். கரும்புக் கட்டுகள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மஞ்சள் கொத்து, மண்பானை, கோலப்பொடி... இவற்றுக்கு நடுவே ஹாரன் அடித்தே வழி கண்டுபிடிக்கும் கடலூர் பஸ். தீபாவளிக்குப் பிறகு ஐதராபாத்தில் மகள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்ட நான், அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். பச்சரிசியும் வெல்லமும் வாங்க, எப்போதும் போகும் கதிர்வேலு அண்ணன் மளிகைக் கடைக்குப் போனேன்.

சாமான் வாங்கியாயிற்று. செல்போனை எடுத்தேன். கறுப்புக் கட்டம் போட்ட அந்த ஸ்கேன் அட்டை வழக்கமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும். காணோம்.

"அண்ணி, ஸ்கேன் பண்ற அட்டை எங்க?" என்று கேட்டேன்.

சரோஜா அண்ணி - கதிர்வேலு அண்ணனின் மனைவி - பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா தம்பி, பேப்பர்ல எழுதறவரு, நீங்களே இப்பிடி பண்ணலாமா? உங்க அண்ணன் முட்டி நல்லாவணும்னு உங்களுக்கு அக்கற இருக்குதா இல்லியா? போன உள்ள வைங்க. நோட்டா குடுங்க. அதுவும் சரியா குடுக்காதீங்க, மீதி வர்ற மாதிரி குடுங்க!"

முட்டிக்கும் மீதிச் சில்லறைக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே யோசிக்கிறீர்கள்? நானும் பை ஒரு கையில், போன் ஒரு கையில் என்று அதையேதான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல வேண்டுமானால் போன ஆவணி மாதத்துக்குப் போக வேண்டும்.

கதிர்வேலு அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அப்பா காலத்துக் கடை. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பலகை மேடை. அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் காலையில் கடை திறந்ததிலிருந்து சாயங்காலம் விளக்கு ஏற்றும்வரை அப்படியேதான். மடிக்கு முன்னால் கல்லாப்பெட்டி. கை எட்டும் தூரத்தில் பொட்டுக்கடலை டின், வேர்க்கடலை மூட்டை, வெல்லம். வியாபாரம் இல்லாத நேரத்தில் அண்ணனின் கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டு வாய்ப்பக்கம் வரும். வயிறும் அதற்கேற்ற மாதிரி வளர்ந்திருந்தது.

மேடைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். பழைய கடைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதலாளி எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்வதற்கு. முன்பெல்லாம் அண்ணன் அந்தக் கயிற்றை ஒரு கையால் சும்மா தொட்டுவிட்டு எழுவார். பிறகு இரண்டு கையாலும் பிடித்தார். ஆவணியில் ஒரு நாள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியும் எழ முடியவில்லை. வலது முட்டி மடங்கினது மடங்கினதுதான். நானும் அண்ணியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினோம். வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் அண்ணனுக்கு வலியைவிடப் பெரிய வேதனை.

முட்டி வலி என்று வாயைத் திறந்தால் போதும் - நம் ஊரில் எல்லாருமே டாக்டர். ஒருவர் எருக்க இலையைச் சுட்டுக் கட்டச் சொன்னார். இன்னொருவர் ஆட்டுக்கால் சூப். பிரண்டைத் துவையல் என்றார் கீரைக்கார அம்மா. நாலு வீடு தள்ளி இருப்பவர், பிரான்சில் இருக்கும் மச்சான் அனுப்பிய களிம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்; யாருக்கும் என்ன களிம்பென்று தெரியாது, வாசனை மட்டும் ஒசத்தியாக இருந்தது. சும்மா இருப்பேனா நான்? முட்டிக்கு மாட்டும் எலாஸ்டிக் உறை ஒன்றை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சைஸ் பத்தாமல் தொடையில் சிக்கிக்கொண்டு, கழற்றுவதற்குள் அண்ணன் அழாத குறை.

மகன் பாஸ்கர் வந்தான். திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை. பெண்டாட்டி பிள்ளைகளோடு வில்லியனூரில் குடியிருக்கிறான். நல்ல பையன். வரும்போதே சுழல் நாற்காலி ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். பலகை மேடையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கல்லாப்பெட்டியை ஒரு மேஜைமேல் வைத்து, எதிரே அந்த நாற்காலியைப் போட்டு, "இனிமே இதுல ஒக்காருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணன் உட்கார்ந்தார். எப்படி? அந்தச் சுழல் நாற்காலியின்மேல் சம்மணம் போட்டு! அரிசி எடை போடுகையில் நாற்காலி சுற்றிக்கொள்ளும். அண்ணனும் கூடவே சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். வாடிக்கையாளர்கள் அவரைத் திருப்பி வைத்துச் சாமான் வாங்கினார்கள்.

"கால கீழ தொங்க வுட்டா இன்னாண்ணே?" என்று கேட்டேன்.

"எப்பிடிப்பா தொங்க வுடறது? எதுர்ல கல்லா இருக்குது. பெட்டிக்குள்ள லட்சுமி. காலு நேரா பெட்டிக்குப் போவுது பாரு. எங்கப்பா ஒரு நாள் கால நீட்டுனதில்ல. நான் நீட்டுவனா?"

வியாபாரக் குடும்பத்துக்காரர்களிடம் இதற்கு மேல் வாதம் செய்ய முடியாது. பாஸ்கருக்கு அந்தப் பொறுமை இல்லை. அடுத்த வாரம் வந்தவன், அப்பா நாற்காலியில் சம்மணம் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இத பாருப்பா. கடைய செல்போன் கடைக்கு வாடகைக்குக் கேக்கறாங்க. பொங்கல் வரைக்கும் பாக்கறன். அதுக்குள்ள நீ அந்தக் கயித்தப் புடிக்காம எழுந்து நடக்கலன்னா, கடைய வாடகைக்கு வுட்டுட்டு ரெண்டு பேரும் எங்ககூட வந்துடுங்க. வூட்டுல நிம்மதியா ஒக்காந்திரு."

அவன் பாசத்தில்தான் சொன்னான். ஆனால் அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

மறுநாள் நான்தான் அவரை வில்லியனூரில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் ஆட்டோவில் அழைத்துப் போனேன். பாஸ்கருக்குப் பகல் ஷிப்ட். பாகூர் ஏரிக்கரை தாண்டியபோது அண்ணன் சொன்னார்: "கடைல ஒக்காந்தா நான் மொதலாளிப்பா. அவன் வூட்டுல ஒக்காந்தா, டிவிக்கு முன்னாடி ஒரு ஆளு. அவ்ளோதான்." ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொல்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் வீட்டு வராந்தா முழுக்க முட்டிகள். கபடி ஆடி விழுந்த ஒரு பையன், காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். பாதி மடக்கினால் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுகொள்கிறதாம். கரியமாணிக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. காலையில் எழுந்தால் ரொம்ப நேரத்துக்குக் கை விரலைக்கூட மடக்க முடியவில்லை என்றார். கட்டை விரலில் தொடங்கிய வலி இப்போது முட்டிக்கு வந்துவிட்டது என்றார் ஒரு பெரியவர் - யூரிக் ஆசிட். கடலோரக் குப்பத்திலிருந்து வந்த மீன்கார அம்மா, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் குந்தியே உட்கார்ந்திருந்தார். "ஒக்காருங்கம்மா" என்றால், "குந்துனாதாங்க எனக்கு ஒக்காந்த மாதிரி இருக்குது" என்றார். கதிர்வேலு அண்ணன் அவரை மரியாதையாகப் பார்த்தார். தன் கட்சி ஆள் ஒருவர் கிடைத்துவிட்டாரே!

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. முட்டி வலி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே, அது ஒரு வியாதியே இல்லை. ஒரு தெருவுக்குள் பல குடும்பம் இருப்பதுபோல. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே களிம்பைத் தடவினால் எப்படி?

டாக்டர் ஒரு பெண். கலகலப்பானவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும் ஐயா. உங்களுக்கு உள்பக்கம் அது தேஞ்சிருக்கு. தேய்மானம்தான். பயப்பட ஒண்ணும் இல்ல."

"சம்மணம் போட்டதால வந்துச்சுங்களா?" அண்ணன் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் கேட்டார்.

"அதனாலதான்னு நான் சொல்லமாட்டேன். வயசு, எடை, வீட்டுல யாருக்காவது இருந்தது, எப்பவோ பட்ட அடி... எல்லாம் சேர்ந்துதான் வரும். ஆனா வலிக்கிற முட்டிய நாள் முழுக்க மடக்கியே வெச்சிருந்தா வலி கூடத்தான் செய்யும். சேர்ல காலத் தொங்கவிட்டு உட்காருங்க. அப்பப்ப எழுந்து நடங்க."

"ஆபரேசனா?"

"யார் சொன்னது? நல்லா தேஞ்சுபோய், நடக்க முடியாம, தூங்க முடியாம, வேற எதுக்குமே கேக்கலன்னாதான் மூட்டு மாத்தறது. அப்பவும் பயப்பட வேண்டாம், செஞ்சுகிட்டவங்க நல்லாத்தான் நடக்கறாங்க. உங்களுக்கு இப்ப அது தேவையில்ல. உங்களுக்கு மருந்து இதுதான்..." என்று தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "தொடைச் சதை. இது பலமா இருந்தா முட்டிக்குப் போற பாரத்த இது வாங்கிக்கும். இது சூம்பிப் போச்சுன்னா எல்லாம் முட்டி தலையிலதான் விழும். வயித்தையும் கொஞ்சம் குறைங்க."

அண்ணன் குனிந்து வயிற்றைப் பார்த்தார். அதைத் தாண்டி முட்டி தெரியவில்லை.

வலி மாத்திரையைப் பற்றியும் டாக்டர் கறாராகச் சொன்னார். ரொம்ப வலித்தால் சில நாள், அதுவும் அவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கி மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருந்தால் முட்டியைக் காப்பாற்றப் போய் வயிறும் கிட்னியும் கெடும். மேலே தடவ ஒரு ஜெல் எழுதினார். ஊசி சிலருக்குத்தான், சில நாளைக்குத்தான் கேட்கும் என்றார். அண்ணன் வலது கையில் ஊன்றிக்கொண்டு வந்த தடியை வாங்கி இடது கையில் கொடுத்தார். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டுமாம்! இத்தனை நாள் நான்தான் பாசமாக அந்தத் தடியை அவர் வலது கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது டாக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதறவர்தானே? இதையும் எழுதுங்க. முட்டி சிவந்து, சூடா வீங்கி, காய்ச்சலும் வந்தா களிம்பு தடவிகிட்டு வீட்டுல இருக்கக் கூடாது. அடிபட்டுக் கால ஊன முடியலன்னாலும், முட்டி பூட்டிகிட்டாலும் அப்படித்தான். உடனே வரணும்." எழுதிவிட்டேன், டாக்டர்.

அடுத்த அறையில் பிசியோதெரபிஸ்ட். சின்னப் பெண், கண்டிப்பான டீச்சர் மாதிரி. இரண்டு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். ஒன்று - நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிப்பது. இன்னொன்று - நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காருவது. முதலில் உயரமான ஆசனம். பலம் வர வர உயரத்தைக் குறைக்கலாம். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, அதிகமானால் நிறுத்திவிட வேண்டும். "கடையிலயே சும்மா இருக்கும்போது செய்ங்க ஐயா" என்றாள்.

அண்ணன் தலையாட்டினார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "நடக்கற காரியமாப்பா இது? சாமான் வாங்க வர்றவங்க மூஞ்சிக்கு நேரா கால நீட்டுனா யாரு கடைக்கு வருவா?"

போச்சுடா! உள்ளே லட்சுமி, வெளியே வாடிக்கையாளர். இரண்டு பக்கமும் கால் நீட்டக் கூடாது. கதிர்வேலு அண்ணனின் கால் போவதற்குக் கடையில் திசையே இல்லை.

புரட்டாசி வந்தது. பயிற்சி நடக்கவில்லை. "இன்னிக்கு செஞ்சீங்களாண்ணே?" என்று நான் கேட்பதும், "வூட்டுக்குப் போயி செய்வன்" என்று அவர் சொல்வதும், வீட்டுக்குப் போனதும் தூங்கிவிடுவதுமாகப் போனது. கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. செல்போன் கடைக்காரர் ஒரு நாள் வந்து கடையின் அகலத்தை அளந்துவிட்டே போய்விட்டார். அன்று அண்ணன் யாருக்கும் சரியாக நிறுத்துக் கொடுக்கவில்லை என்று அண்ணி சொன்னார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கல்லாவுக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்த அண்ணி சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏங்க, லட்சுமிக்கு நேரா காலு போவக் கூடாது. அதான உங்க கவல?"

"ஆமாம்."

"அப்ப லட்சுமிய மேல ஏத்திட்டா?"

சாமியை மேலே வைக்காதே என்று அண்ணன் எப்படிச் சொல்வார்? அன்று மத்தியானமே ஆசாரி வந்துவிட்டார். சுவரில் லட்சுமி படத்துக்குக் கீழே, ஆள் நின்றால் நெஞ்சுக்கு மேலே வருகிற உயரத்தில் ஒரு பலகை அடித்தார். கல்லாப்பெட்டி அங்கே போய் உட்கார்ந்தது. பூ வைத்தார் அண்ணி. சுழல் நாற்காலி வீட்டுக்குப் போனது; அதற்குப் பதிலாகக் கைப்பிடி வைத்த ஒரு கெட்டி மர நாற்காலி வந்தது. அதன்மேல் உயரத்துக்காக மடித்த சாக்குகள். கடைசியில் கதிர்வேலு அண்ணன், வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கடைக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். மேஜைக்கு அடியில் இருந்ததால் வாடிக்கையாளர் மூஞ்சிக்கும் கால் போகவில்லை. கூட ஒரு லாபம் - பொட்டுக்கடலை டின் இப்போது கைக்கு எட்டவில்லை.

தீபாவளிக்கு முன்னால் அண்ணியையும் கூட்டிக்கொண்டு மறுபடி வில்லியனூர் போனோம். பிசியோ பெண் அண்ணனின் தொடையை அழுத்திப் பார்த்தாள். எழுந்து உட்காரச் சொன்னாள். எழுந்தார். கையை ஊன்றாமல்!

"சூப்பர் ஐயா! பயிற்சி ஒழுங்கா செய்றீங்க போல."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இல்லம்மா. ஒரு நாள்கூட செய்யல" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி கூரையைப் பார்த்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்: "அது வந்து... கல்லா மேல இருக்குதா. யாருனா நோட்டு குடுத்தா எழுந்து பெட்டிய தொறந்து மீதி எடுத்துக் குடுத்துட்டு ஒக்காருவாரு. அப்பறம் இன்னொருத்தரு வருவாங்க. திரும்ப எழுந்திருப்பாரு..."

பிசியோ பெண் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்த இரண்டாவது பயிற்சியை, ஒரு டப்பா கடுகுக்கும் அரைக் கிலோ சர்க்கரைக்கும் நடுவே, அண்ணன் தனக்கே தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார்! "இதையே செய்ங்க. ஆனா அளவோட. ரொம்ப கூட்டம் இருக்கற நேரத்துல அம்மா பாத்துக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

இதுவரைக்கும் எனக்குத் தெரியும். பிறகு நான் ஐதராபாத் போய்விட்டேன். மீதியைத்தான் போகிக்கு முந்தின நாள், திட்டு வாங்கிய பிறகு, அண்ணி வாயால் கேட்டேன்.

கார்த்திகையில் ஒரு சிக்கல் வந்ததாம். பாதி நேரம் வேலை செய்யாத பழைய ஸ்கேன் அட்டையை எடுத்துவிட்டு, பாஸ்கர் ஆசையாகப் புதிது ஒன்று கொண்டுவந்து வைத்தான். பணம் வந்தால் கணீரென்று அறிவிக்கும் சின்னப் பெட்டியும் கூடவே. எல்லாரும் போனை நீட்ட ஆரம்பித்தார்கள். பெட்டி கத்தும், அண்ணன் உட்கார்ந்தபடியே தலையாட்டுவார். ஒரு வாரம் போனது. முட்டி மறுபடி முனக ஆரம்பித்தது. அண்ணிக்குப் பொறி தட்டியது.

"அந்த அட்டைய எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டன் தம்பி. கத்தற பெட்டிய வூட்டுக்கு அனுப்பிட்டன். கூட்ட நேரத்துக்கு நான் கல்லாவுல நிப்பன். கூட்டம் கொறஞ்சதும் அவரு. ஒவ்வொரு சாக்கா நாற்காலிலேருந்து எடுத்துகினே வந்தன். இப்ப பாருங்க, வெறும் பலகதான்."

ஊர் சும்மா இருக்குமா? விஷயம் தெரிந்ததும் பாகூரே பிசியோதெரபியில் இறங்கிவிட்டது. உப்பு வாங்கிப் பணம் கொடுப்பார்கள். மீதி வாங்கிக்கொண்டு, "அட, புளி மறந்துட்டன்" என்று மறுபடி நோட்டை நீட்டுவார்கள். பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும் என்று சும்மாவே ஒருத்தர் வருவார். "எழுந்திரு மொதலாளி, எழுந்திரு!" என்று கீரைக்கார அம்மா ரோட்டிலிருந்தே சத்தம் கொடுப்பார். அண்ணன் முதலில் கோபப்பட்டாராம். பிறகு அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது.

அண்ணி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாஸ்கரின் பைக் வந்து நின்றது. பொங்கல் கெடு! அண்ணி முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை கிண்டல் பேசினாலும், அந்தக் கடை இருக்குமா போகுமா என்பது இன்றைக்குத்தான் தெரியப் போகிறது.

"அப்பா எங்கம்மா?"

"பின்னாடி குடோன்ல இருக்காரு. கூட்டமா இருக்குது, நீ செத்த நேரம் கல்லாவப் பாரு."

பாஸ்கர் மர நாற்காலியில் உட்கார்ந்தான். பொங்கல் கூட்டம் அவனை உட்கார விடவில்லை. நோட்டு வந்தது, எழுந்தான், மேலே கையை நீட்டி மீதி எடுத்தான், உட்கார்ந்தான். அடுத்த நோட்டு. எழுந்தான். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கியது. பிறகு எழும்போதெல்லாம் மேஜையை ஊன்றினான். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தான். கயிற்றைத் தேடுகிறான் என்று எனக்குப் புரிந்தது. கயிறு இருந்தது. ஆனால் அதில் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்த ஸ்கேன் அட்டைய எங்கம்மா வெச்ச?"

"தெரியலியேப்பா" என்றார் அண்ணி, அரிசி டிரம்மின் மூடியை இறுக்கி அழுத்தியபடி.

அப்போதுதான் குடோன் பக்கமிருந்து கதிர்வேலு அண்ணன் வந்தார். தடி இல்லை. சுவரைப் பிடிக்கவில்லை. வயிறு பாதியாகியிருந்தது. முட்டி பிறந்த குழந்தையின் முட்டி ஆகிவிட்டதா? இல்லை. நடையில் லேசாக ஒரு சாய்வு இருக்கத்தான் செய்தது. தேய்ந்தது தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லியிருந்தார். ஆனால் மனுஷன் நிமிர்ந்து நடந்து வந்தார். கடைசியாக அவரை அப்படிப் பார்த்தது எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை. என் கண் கலங்கியதற்குப் பக்கத்தில் இருந்த மிளகாய் மூட்டையைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

பாஸ்கர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுந்து நிற்கத் தோன்றியிருக்க வேண்டும். பாதி எழுந்தான். "யம்மா..." என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கரும்புக்கட்டோடு நின்றவர்கூட அசையவில்லை. அண்ணன் மகன் அருகில் போனார். தோளில் கை வைத்தார். ரொம்பப் பாசமாகக் கேட்டார்:

"முட்டி வலிக்குதாடா? வேலைய வுட்டுட்டு எங்ககூட வந்துடு. வூட்டுல நிம்மதியா ஒக்காந்திரு."

கடை முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்தது பாஸ்கர்தான். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, அப்பா எதிரிலேயே செல்போன் கடைக்காரருக்குப் பேசினான். "அண்ணே, கடை இப்போதைக்கு இல்லண்ணே. ஆளு ஸ்ட்ராங்கா இருக்காரு" என்றான். அண்ணி திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எனக்கு ஒரு பிடி வெல்லம் அதிகமாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கதையை என் மனைவியிடம் ரசித்து ரசித்துச் சொன்னேன். எல்லாரிடமும் சொல்ல வேண்டியதுதான், இவளிடம் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டு டிவி ரிமோட் இப்போது பீரோவுக்கு மேலே இருக்கிறது.